சேரவில்லை என்று சொன்னேன்

அக்கா,

தவளைத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத அந்தப் பாசி நாற்றம். என் ஆய்வகத்தைப் பார்க்க ஒரே ஒருமுறை பெங்களூருக்கு வந்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு நீ கேட்டாய்: "மழ பெஞ்சா நம்ம முந்திரிக் கொல்லையிலயே இந்த நாத்தம் அடிக்கும்டி. இதுக்கா இம்மாந்தூரம் படிக்க வந்த?"

அன்று நுண்ணோக்கியில் உனக்கு ஒரு தவளைக் கருவைக் காட்டினேன். இரண்டு செல்லாகப் பிளந்திருந்தது. அதில் ஒன்றுக்கு மட்டும் ஊசி போடுவோம், ஏதாவது ஒரு மரபணுவை அடக்கிவிடுகிற மருந்து. மற்றதைத் தொடமாட்டோம். ஊசி போட்டது உடம்பின் ஒரு பக்கமாக வளரும், தொடாதது மறுபக்கமாகும். சில நாளில் சிறுநீரகம் உருவானதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், அதை உருவாக்குவதில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டா என்று தெரிந்துவிடும். நீ வெகுநேரம் குனிந்து பார்த்தாய். "ஒரே உசுருல ஒரு பக்கம் கெட்டு, ஒரு பக்கம் நல்லா இருக்குமா? அடப் பாவமே" என்றாய். உன் முகம் அப்போதே லேசாக வீங்கியிருந்தது.

அப்பாவைக் கொண்டுபோன அதே நோய். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஊருக்கெல்லாம் இதை விளக்கத் தெரிந்த நான், என் வயிற்றை மட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததே இல்லை. பயம். வேறென்ன?

பல மரபணுக்களை அடக்கிப் பார்த்த பிறகு, ஒருநாள் ஒன்று அகப்பட்டது. ஊசி போட்ட பக்கத்தில் சிறுநீரகக் குழாய் நூல்போல ஓடாமல் நீர் கோத்து உப்பியிருந்தது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் கழிவறையில் தாழிட்டுக்கொண்டு என் விலாவை இரண்டு பக்கமும் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

அதற்குள் நீ வாரம் இரண்டு தடவை அரியலூர் வழியாகத் திருச்சிக்கு டயாலிசிஸ் போக ஆரம்பித்திருந்தாய். சிறுநீரகம் கொடுக்கலாமென்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. உன்னைக் கட்டிய மாமாவின் ரத்தவகை சேரவில்லை. "நீ ஒருத்திதான்டி மிச்சம்" என்று அம்மா அழுதாள். கொடுக்க எனக்குப் பயமில்லை, அக்கா. கொடுப்பதற்குமுன் ஸ்கேன் எடுப்பார்களே, அதற்குத்தான் செத்துச் செத்துப் பிழைத்தேன். கடைசியில் பெங்களூரிலிருந்து போன் செய்தேன்.

"டெஸ்ட் எடுத்துட்டேன்க்கா. சேரலையாம்."

எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. நீ, "படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அழுவாத" என்றாய்.

கடைசியாக வரதராஜன்பேட்டை வீட்டில் உன்னைப் பார்த்தபோது உனக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒரு தடவ போயி ஸ்கேன் எடுத்துப் பாத்துருடி. பயமா இருந்தா சொல்லு, நான் கூட வரேன்." சரிக்கா என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். அரியலூர் வந்தபோதுதான் உறைத்தது. டெஸ்ட் எடுத்தாயிற்று என்றவளிடம் இதை ஏன் சொன்னாய்? உனக்குத் தெரிந்திருக்கிறது. இறங்கித் திரும்பி வந்து உன் காலில் விழுந்திருக்கலாம். அதற்கும் பயம். அடுத்த வாரம் நீ இல்லை.

ஆறு மாதம் கழித்துத் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தேன். "ரெண்டும் சுத்தமா இருக்கும்மா, ஒரு கட்டிகூட இல்ல" என்று டாக்டர் சிரித்தார். நான் கதறியதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

உன் மகளுக்குப் பதினொன்று ஆகிறது. உன்னைப்போலவே நக்கலாகப் பேசுகிறாள். அவளுக்கும் பாதிக்குப் பாதிதான். மாதாவே, ஒன்றும் வரக்கூடாது. வந்தால், என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்று அவளுக்கு என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளுடைய பொருளைப் பத்திரப்படுத்துவதுபோல வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறேன். ஆனால் அவள் வந்து கேட்கும் நாளில், என்னைப் பற்றித் தெரிந்தவள் நீ, சொல்லு அக்கா, நான் மறுபடியும் ஓடிவிடமாட்டேனே?