ஓட்டோடு சேர்ந்த மாநிலம்

லாரமி, வயோமிங் மாநிலம்
1890 ஜூலை

அன்புள்ள அண்ணன் ஆன்செலுக்குத் தங்கை கெசியா எழுதுவது. இங்கே நான் நலம். உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே உள்ள முகவரியை இன்னொரு முறை படித்துப் பார். பிரதேசம் என்று எழுதவில்லை, மாநிலம் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை எங்களுக்குக் கவர்னரை வாஷிங்டனிலிருந்து அனுப்பிவைத்தார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க இங்கே ஆண்களுக்குக்கூட உரிமை இல்லை. இனி இரண்டும் எங்கள் கையில். இருபது வருடமாக இங்கே இருக்கிற பெண்களின் ஓட்டும் எங்கேயும் போய்விடவில்லை.

பனிக்காலத்தில் நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாதது கோபத்தால்தான். பெண்களுக்கு ஓட்டு இருக்கும்வரை உங்களை மாநிலமாகச் சேர்க்க மாட்டார்கள், அதை விட்டுத்தள்ளிவிட்டு ஒஹாயோவுக்கு வந்துவிடு, பின்கட்டு அறை காலியாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், என்னை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினார். நான் எழுத்துக் கற்றது எங்கள் மரக்குடிசையில் காற்றை அடைக்க ஒட்டியிருந்த செய்தித்தாள்களில். பாதித் தாள்களைத் தலைகீழாக ஒட்டியிருந்தோம். அதனால் ஒரு விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் படிக்க எனக்கு வரும்.

மார்ச் மாதம் வாஷிங்டனில் எங்கள் விஷயம் ஓட்டெடுப்புக்கு வரவிருந்தது. அப்போது ஆட்டுப்பண்ணைக்காரன் லெமுவல் ஹட்ச் என் சாப்பாட்டு விடுதிக்கு ஒரு மனுவோடு வந்தான். பெண்களின் ஓட்டை நீக்கிவிட்டாவது எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

"கெசியாம்மா, நீங்க போட்டா ஊர்ல எந்தப் பொம்பளையும் வாயத் தொறக்க மாட்டா. ரெண்டே வருஷம் பொறுத்துக்குங்க. மாநிலமானதும் நாங்களே திருப்பிக் கொடுத்துடுவோம்" என்றான்.

எழுபதாம் வருடம் இதே ஊரில் நான் ஜூரியில் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். ஒரு கொலை வழக்கு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், நாங்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சாட்சிகளைக் கேட்டோம். அடுத்து வந்த நீதிபதி பெண்கள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நான் ஹட்சிடம் சொன்னேன்: "போடறேன்பா. அதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்துக்கோ. பொம்பளைங்களுக்குத் திரும்பக் கிடைக்கிற வரைக்கும் ஆம்பளைங்களும் ஓட்டுப் போட மாட்டோம்னு எழுதி, நீ முதல்ல கையெழுத்துப் போடு."

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்கள். ஹட்சுக்குக் காது சிவந்துவிட்டது. "அது எப்படி முடியும்?" என்றான்.

ரயில் ஓட்டுகிற கார்மக் என்ற ஐரிஷ்காரன் வாயில் பீன்ஸை வைத்துக்கொண்டே, "ஏன்யா, ரெண்டே வருஷந்தானே? உனக்குப் பொறுமை இல்லையா?" என்று கேட்டான். மேசை முழுக்கச் சிரிப்பு. அவன் எழுந்து மனுவை எடுத்துக் காபி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டான். ஹட்ச் தடுக்கவில்லை. தொப்பியைக்கூட மறந்துவிட்டுப் போனான். மறுநாள் அதை எடுக்க வந்தவன் இரண்டாம் முறை பீன்ஸ் கேட்டுச் சாப்பிட்டான், அதனால் சண்டை இல்லை.

நூறு வருடம் வெளியே நின்றாலும் நிற்போம், எங்கள் பெண்களை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டோம் என்று இங்கிருந்து தந்தி போனதாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். வாஷிங்டனில் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் தேறினோம். தேறினோம் என்பதுதான் கணக்கு.

இனி உன் பின்கட்டு அறை. அன்போடுதான் கூப்பிட்டாய், தெரியும். ஆனால் லாரமியில் ரயிலேறுகிறபோது ஓட்டுள்ள மனுஷியாக ஏறி, உன் ஊரில் ஓட்டு இல்லாதவளாக இறங்க என்னால் முடியாது. அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

நீ இங்கே வா. செப்டம்பரில் மாநிலத்தின் முதல் தேர்தல். ஓட்டுச் சாவடி மேட்டின் மேல் இருக்கிறது. போன தேர்தல்வரை என் கணவர் கால்வின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இந்த முறை அவர் இல்லை. ஏறத் தெம்பு இருக்கிறது, இடுப்புதான் கேட்பதில்லை. நீ ஓட்டைப் பற்றி உன் இஷ்டப்படி நினைத்துக்கொள், நான் குறுக்கே பேச மாட்டேன். வாசல்வரை கையை மட்டும் கொடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

மாறாத தங்கை,
கெசியா