பொழிக்கு இக்கரை சிவப்பு, அக்கரை பச்சை

சலாலா
ஓமன், 10 ஜனவரி 2026

அன்புள்ள ஷிஜிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் பேப்பரில் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். ஐஸ் பிளாண்ட் டூட்டி முடிந்து வந்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

நேற்று ஊர் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. குவைத்தில் நம் கடற்கரை ஊர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஆடுகிற டோர்னமென்ட். ஆரோக்கியத்துறை அணி பச்சை ஜெர்சியில் நிற்கிறது. நடுவில் நம் மகன் பெனோ! யாரோ வேண்டுமென்றே தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் ரூமில் இருக்கிற ஹபீப் முகம்மதுவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. "பய ஒங்க ஜாடையிலயே இருக்கானே, பச்சை நல்லா எடுக்குது" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிக்கேல்துறைக்காரனுக்குப் பிறந்து பச்சை போட்ட பிள்ளை இதுவரை உண்டா? வரலாறு உனக்குத் தெரியாததா? ஆறு கடலில் சேருகிற பொழிக்கு இக்கரையில் மிக்கேல்துறை, நாங்கள் சிவப்பு; அக்கரையில் நீங்கள், பச்சை. 1971இல் இரண்டு ஊரும் வீட்டுக்கு வீடு காசு பிரித்து ஒரே ஒரு தோல்பந்து வாங்கி முதல் ஆட்டம் ஆடினார்கள். பந்து பொழியில் விழுந்தது, நீரோட்டம் அக்கரைக்குக் கொண்டுபோனது. "எங்கள் கரையில் ஒதுங்கியது எங்களுக்கு" என்று எடுத்துப்போன உன் ஊர்க்காரர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. கிளப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல். 83 திருவிழாவில் நாங்கள் ஐந்து கோல் போட்டோம். அந்த வருஷத்தைப் பற்றி உன் ஊரில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. 94இல் ஒரு ஆஃப்சைடுக்காக அடிதடி. வலையை அறுத்தார்கள், வள்ளம் எரிந்தது, போலீஸ் வந்தது. அதன்பிறகு பத்து வருஷம் ஆட்டமும் இல்லை, பொழியைத் தாண்டிக் கொள்வினை கொடுப்பினையும் இல்லை.

2004இல் புதிதாக வந்த ஃபாதர்தான் இரண்டு ஊரையும் உட்காரவைத்துப் பேசி மறுபடி ஆடவைத்தார். உன் அண்ணன் கிளிட்டஸ்தான் பச்சைக்குக் கோல்கீப்பர். அவன் இரண்டு காலுக்கும் நடுவே பந்தை விட்டேன். நான்கு மாதத்தில் உன்னைக் கட்டினேன். நம் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசித்தபோது எங்கள் பயல்கள் பாதிப் பூசையில் எழுந்து வெளியே போனார்கள். அப்படி ஊரை எதிர்த்துக் கட்டிய கல்யாணத்தில் பிறந்தவன் பச்சை போடுவதா?

எந்தக் கோயில் பங்கில் குடும்பப் பேர் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும் என்பது விதி. பிள்ளைக்கு அப்பனுடைய பங்கு. பிறகு எப்படி நடந்தது? பதில் எழுது.

குவைத்தில் குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ததேயுஸ்


அப்பாசியா
குவைத், 14 ஜனவரி 2026

பெனோவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரிதாக்கி வைத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் விழுந்து நான்கு வரி மறைந்துவிட்டது. பரவாயில்லை, 83இன் ஐந்து கோலும் அங்கேதான் இருந்திருக்கும்.

இங்கே சுகம். வார்டில் ஆள் பற்றவில்லை, டபுள் டூட்டி பார்க்கிறேன். பனிக்காலமானதால் பெனோவுக்கு ஏசி கம்பெனியில் வேலை குறைவு. அதனால் பிராக்டிஸுக்குப் போகிறான். இங்கே பச்சை அணியைப் பார்த்துக்கொள்கிற கிளிட்டஸ் அண்ணன் வந்து அவனை ஆடக் கேட்டார். அவன் என்னிடம் கேட்டான். நான் சரி என்றேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. இப்போது எதையும் பெரிதாக யோசிக்க வருவதில்லை.

நீங்கள் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தான். அவன் ஜெர்மனி ஆட்டம் விடாமல் பார்க்கிறவன். அங்கேயும் பக்கத்துப் பக்கத்து ஊராம், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். நிலக்கரி வெட்டிப் பிழைத்த சனம். நூறு வருஷமாக ஒருவருக்கொருவர் ஆகாதாம், ஊர்ப் பேரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்களாம். "ஆனா ஒரே வீட்டுல அப்பன் நீலம், மவன் மஞ்சள்னு இருப்பாங்க அம்மா. ஆட்டம் முடிஞ்சா சேர்ந்துதான் சோறு திம்பாங்க" என்றான்.

நீங்கள் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவ்வளவு நீளமாகக் கடைசியில் எப்போது எழுதினீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அதில் எனக்கென்று ஒரு வரி, குளிரைப் பற்றி.

விதிப்படிதான் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் டோர்னமென்ட் கமிட்டி தார்சிஸ் அண்ணனைக் கேளுங்கள்.

ஷிஜி


சலாலா
17 ஜனவரி 2026

ஷிஜி,

ஜெர்மனிக்காரன் வலையை எவனாவது அறுத்திருக்கிறானா என்று அவனிடம் கேள். இப்படி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

தார்சிஸுக்குப் போன் போட்டேன். "ஒனக்குத் தெரியாதாடே? ஒனக்க பெண்டாட்டி பேரு இப்ப அவளுக்க அம்மைக்க பங்குலல்லா கெடக்கு. பயலுக்க பேரும் கூடவே போயாச்சு. நாங்க ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்" என்றான்.

நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரிந்தவன் மாதிரி பேசிவிட்டேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். டூட்டிக்குப் போனேன், கம்ப்ரஸரைப் பார்த்தேன், திரும்பி வந்தேன், மீன் பொரித்தோம், தின்றேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எப்போது மாற்றினாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ததேயுஸ்


அப்பாசியா
21 ஜனவரி 2026

பெனோவின் அப்பாவுக்கு,

செப்டம்பரில் லீவுக்குப் போனபோது மாற்றினேன். அம்மா எனக்குக் கொடுத்த இடத்தில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று உங்களிடம் போனில் சொன்னேன். "கட்டு" என்றீர்கள். ஆரோக்கியத்துறையில் வீடு கட்ட வேண்டுமானால் அந்தப் பங்கில் பேர் இருக்க வேண்டும். இது உங்களுக்கும் தெரியும். நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் சிமெண்ட் விலையைக் கேட்டீர்கள்.

பங்குப் பேரவையில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். "மாப்பிள்ளை எங்க பிள்ளே?" சலாலாவில் என்றேன். "வருவாரா?" லீவுக்கு வருவார் என்றேன். "ஒனக்க லீவுக்கு வருவாரா?" என்று ஒரு அக்கா கேட்டாள். அவர்களே ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

நான்கு வருஷமாக நம் லீவு ஒன்றாக அமையவில்லை. முதல் வருஷம் உங்களுக்கு மாற்று ஆள் இல்லை. அடுத்த வருஷம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு நாம் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள்மேல் சொல்ல எனக்கு ஒரு குற்றமும் கிடையாது. நீங்கள் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை. சண்டை போட ஏதாவது இருந்திருந்தால் போட்டிருப்பேன். பேரை மாற்றிவிட்டுக் கோயிலை விட்டு வெளியே வந்து நின்றேன். அழுகை வருமோ என்று பார்த்தேன். வெயிலாக இருந்தது, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

இப்போது இன்னொரு காரியம். பச்சை ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே உங்கள் சிவப்பு. வருகிற 30, வெள்ளிக்கிழமை. பெனோவைச் சேர்த்தது செல்லாது, அப்பன் உயிரோடு இருக்கிறான் என்று உங்கள் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டி உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்கிறது. 27க்குள் தார்சிஸ் அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதுமாம்.

சம்மதமில்லை என்றால் அவன் ஆட முடியாது. சம்மதம் என்றால், நானும் அவனும் உங்கள் குடும்பத்தில் இல்லை என்று நீங்களே ஊரறியச் சொன்னதாக ஆகும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. திரும்பி வா என்று எனக்கு எழுதலாம். நான் உடனே வருவேன் என்று சொல்லவில்லை. எழுதலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஷிஜி


சலாலா
24 ஜனவரி 2026

அன்புள்ள ஷிஜிக்கு,

தார்சிஸுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டேன். "எனக்குச் சம்மதம், பய ஆடட்டும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அனுப்பின பிறகு ஒருதடவை கேட்டுப் பார்த்தேன். ஐஸ் லாரி டிரைவருக்கு வழி சொல்வதுபோல இருந்தது.

நீ சொன்ன மூன்றாவதை எழுதாமல் இல்லை. இரண்டு தடவை எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது வேறு எவனோ அவன் பெண்டாட்டிக்கு எழுதின மாதிரி இருந்தது. பொய்யாக எழுத எனக்கு மனம் வரவில்லை. உன்னை வெறுக்கவில்லை ஷிஜி. உன்னை நினைத்தால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. இதைச் சொல்லக் கூடாது, ஆனால் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

ஊரில் என் தம்பியிடம் சொல்லி நம் பங்கிலும் சரிசெய்யச் சொன்னேன். தனி ஆளுக்குக் கோயில் வரி பாதிதானாம். பெண்டாட்டி செத்தவர்களுக்கும் கல்யாணம் கட்டாதவர்களுக்கும் உள்ள கணக்கு. இதில் எதில் எழுதட்டும் என்று தம்பி கேட்டான். ஏதாவது ஒன்றில் எழுது என்றேன்.

ஃபைனலை நான் பார்க்க மாட்டேன். எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் எனக்கு அது சரிப்படாது. அவனிடம் இடது காலை அதிகம் நம்பவேண்டாம் என்று சொல்.

ததேயுஸ்


அப்பாசியா
31 ஜனவரி 2026

பெனோவின் அப்பாவுக்கு,

நேற்று நான் டூட்டி மாற்றிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். பெண்கள் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரே மணல்காற்று.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊர் வழக்கம்தான், அப்பன் பேர் சொல்லி மகன் பேர். ஜெரால்டு மகன் ரோஷன், சூசைநாயகம் மகன் டெனிஸ் என்று மைக்கில் சொல்லச் சொல்ல ஒவ்வொருவனும் ஓடிவந்து கையைத் தூக்கினான். பெனோ முறை வந்தது. மைக் பிடித்திருந்தவன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான், தார்சிஸ் அண்ணனைப் பார்த்தான். பிறகு "ஷிஜி மகன் பெனோ" என்றான்.

சிவப்புப் பக்கத்தில் சிரித்தார்கள். எவனோ விசிலடித்தான். பெனோ ஓடவில்லை. நடந்துதான் வந்தான். கையைத் தூக்கவில்லை. இத்தனை வருஷம் ராத்திரியும் பகலும் டூட்டி பார்த்து வளர்த்தவள் நான். என் பேரைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. நான் எழவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

பச்சை ஜெயித்தது, 2-1. இரண்டாவது கோல் அவன் போட்டது. அவனைத் தோளில் தூக்கினார்கள். கிளிட்டஸ் அண்ணன் அழுதார். உங்கள் ஊர்க் கோல்கீப்பர் வந்து பெனோவிடம் கை கொடுத்துவிட்டுப் போனான்.

காரில் வரும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அப்பா பாத்தாரா அம்மா?" யூடியூபில் லைவ் போட்டிருந்தார்கள் அல்லவா, அதைத்தான் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எனக்காகக் கேட்கவில்லை. நம் காரியம் முடிந்துபோனது, அதில் எனக்கு வருத்தம்கூட சரியாக வரவில்லை. அவனுக்காகக் கேட்கிறேன். பார்த்தீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும்.

ஷிஜி


அப்பாசியா
12 பிப்ரவரி 2026

பெனோவின் அப்பாவுக்கு,

போன கடிதத்தை அன்றைக்கே படித்துவிட்டீர்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. இனி வராது என்றும் தெரிகிறது.

பெனோ தினமும் டூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முகத்தைப் பார்க்கிறான். வாயால் கேட்பதில்லை. நேற்று எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. சமையல்கட்டில் திரும்பாமலே நின்றுகொண்டு, "ஒனக்க அப்பா முழுசும் பாத்தாரு. கோல் விழுந்தப்போ ரூமே அதிருற மாதிரிக் கத்தினாராம்" என்றேன்.

"பச்சைக்கா கத்தினாரு?" என்றான்.

"ஒனக்கு" என்றேன்.

அவன் உங்களுக்குப் போன் போடுவான். நீங்கள் பார்த்தீர்கள். கத்தினீர்கள். அப்படியே சொல்லுங்கள்.

ஷிஜி