வலது காதுப் பக்கம்

பேராதனை,
1980 ஜனவரி 17

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் அறைத்தோழி குணமும் சுகம். உம்மா கட்டித் தந்த தொதல் இனிப்பை விடுதிப் பிள்ளைகள் இரண்டே நாளில் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது சுற்றி வந்த கடதாசி மட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடப் பரீட்சையில் பொருளியலில் நான் தவறியது படிக்காததால் அல்ல. மண்டபத்தில் நின்ற மேற்பார்வையாளர் இரண்டாம் பகுதியை வேறு தாளில் எழுதச் சொன்னாராம். நான் பின்வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அது கேட்காமல் ஒரே தாளில் எழுதியதால் அந்தப் பகுதிக்குப் புள்ளியே இல்லை. ஒன்பது வயதில் காய்ச்சலோடு என் இடது காது போனது உங்களுக்குத் தெரியும். இப்போது வலதும் மங்கி வருகிறது. விரிவுரையில் பாதி எனக்கு வெறும் வாயசைவு. அந்தப் பாதிக்காக, குணம் தன் கொப்பிக்குள் கார்பன் தாள் வைத்து எழுதி எனக்கொரு பிரதி தருகிறாள். பாண்டிருப்பில் தமிழ் வீட்டில் பிறந்தவள் நிந்தவூர்க்காரியின் காதைச் சுமக்க வேண்டும் என்று என்ன விதி?

நூலகத்துக்குப் போகும் வழியில் ‘மாணவர் ஆலோசகர்’ என்று ஒரு அறை. ஒன்றரை வருடமாக அதைக் கடந்து போகிறேன். குற்றம் செய்து பிடிபட்டவர்களை விசாரிக்கும் இடம் என்று நினைத்திருந்தேன். குணம்தான் அறிவித்தல் பலகையை வாசித்துவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அவள் விஷயத்தைச் சொன்னதும், அங்கிருந்த விஜேரத்ன மிஸ் எழுந்து வந்து, நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது வாப்பா. நம் வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

பரீட்சையில் முன்வரிசை கிடைக்குமாம். அறிவித்தல்களை எழுதித் தருவார்களாம். காது கேட்கும் மெஷினுக்கு மாணவர் நலன்புரி நிதியும் உண்டாம். இத்துடன் உள்ள படிவத்தில் பெற்றோர் பகுதியை நிரப்பி, ஒப்பமிட்டு, பெப்ரவரி 15க்கு முன் அனுப்புங்கள்.

உங்கள் மகள்
அஸீஸா


நிந்தவூர்,
1980 ஜனவரி 26

அருமை மகள் அஸீஸாவுக்கு வாப்பா எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

பயிர் குடலைப் பருவம், கதிர் வெளிவரும் நேரம். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்கு இந்த மாதம் வீட்டில் என்ன வேலை? வரப்பிலிருந்து வந்து கால் கழுவிய ஈரத்தோடு இதை எழுதுகிறேன்.

படிவத்தை ஒப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காதே. உன் காது விஷயம் இந்த வீட்டுக்குள் இருக்கட்டும். பன்னிரண்டு வருடமாக உம்மா அதை மூடி வைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் உன்னைக் கேட்டதற்கெல்லாம் அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னது எதற்காக?

இன்னொன்று. டிசம்பரில் நீ பஸ் ஏறுவதற்கு முதல்நாள் அபூசாலி ஹாஜியார் வந்து, தன் மகன் மசூருக்கு உன்னைக் கேட்டார். அவரை முன்னறையில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருந்த உன்னிடம் மூன்று தரம் சம்மதமா என்று கேட்டேன். நீ வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளை பேசாமலிருந்தால் சம்மதம் என்றுதானே நாம் எடுப்போம்? வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் நீ ஒன்றும் கதைக்காமல் போனதை உம்மா வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். அறுவடை முடிந்ததும் நிக்காஹ். உனக்குக் கட்டும் வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று. மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் நீ மெஷினும் மாட்டிக்கொண்டு நின்றால் ஊர் என்ன கதைக்கும்? படிப்பை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்
வாப்பா


பேராதனை,
1980 பெப்ரவரி 2

வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று குணத்தையும் வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று தகரக் கூரையில் மழை கொட்டியது. நான் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். திரை என் இடப்பக்கம். நீங்கள் மூன்று தரம் அல்ல, முப்பது தரம் கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. என் காதைப் பற்றி ஆரம்பம் முதல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் நீங்கள். நீங்களா இப்படிச் செய்தீர்கள்?

எனக்குச் சம்மதம் இல்லை. அந்த மசூரை எனக்குத் தெரியாது. அவரில் ஒரு குறையும் சொல்லவில்லை. படிப்பு முடியாமல் எனக்கு எந்த நிக்காஹும் வேண்டாம்.

நீங்கள் திருப்பி அனுப்பிய படிவத்தை அப்படியே மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். இருபத்தொரு வயது முடிந்ததால் நானே ஒப்பமிடலாமாம். கண்டி ஆஸ்பத்திரிக் காது டொக்டரின் கடிதம் இருந்தால் போதுமாம். “இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றேன். “வீட்டாரும் உன்னோடு நிற்கட்டும் என்று நினைத்தேன்” என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். வெட்கமாக இருந்தது. ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்.

அபூசாலி ஹாஜியாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அஸீஸா


நிந்தவூர்,
1980 பெப்ரவரி 11

அஸீஸாவுக்கு,

இருபத்திரண்டு வருடம் வட்டவிதானையாக இருக்கிறேன். இன்ன வாய்க்காலைத் திற என்றால் திறப்பார்கள், அடை என்றால் அடைப்பார்கள். ஒரு தரம் சொன்னதை நான் மாற்றுவதில்லை என்பதால்தான் என் சொல்லுக்கு மரியாதை. உனக்காகவும் மாற்றமாட்டேன்.

நிக்காஹ் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பெண்ணுக்குப் பொறுப்பாளி நான். நான் ஒப்பமிட்டால் போதும். பதிவுப் புத்தகத்தில் பெண்ணின் ஒப்பத்துக்கு இடமே இல்லை. உம்மா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். 19ஆம் திகதி உன் சாச்சா மீராசாவை அனுப்புகிறேன். அவனோடு வந்து சேர்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பக்கீர் முகைதீன்


பேராதனை,
1980 பெப்ரவரி 21

வாப்பாவுக்கு ஸலாம்.

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

சாச்சா வந்தார். விடுதி வாசலில் தேத்தண்ணி கொடுத்துத் தனியே திருப்பி அனுப்பினேன். அவரை ஏசாதீர்கள். பாவம், ஒரு மணித்தியாலம் கெஞ்சினார். நான்தான் அசையவில்லை.

மெஷின் வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி. அதைச் சட்டையில் குத்தி, வயரைக் காதுக்கு விட வேண்டும். முதல்நாள் என் செருப்புச் சத்தத்துக்கு நானே பயந்துபோனேன். முக்காட்டுக்குள் மறைத்துக்கொள்ளலாமே என்று விடுதியில் ஒருத்தி புத்தி சொன்னாள். பன்னிரண்டு வருடம் மறைத்தது போதும் என்றேன்.

இத்துடன் இருப்பது மசூருக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி. இன்னொரு பிரதி ஊரில் நிக்காஹ் விவகாரங்களைப் பார்க்கும் காதியாருக்குப் போயிருக்கிறது. குணத்தின் கார்பன் தாள் விரிவுரைக்கு மட்டும்தானா உதவும்? கடிதத்தில் இரண்டே விஷயம். இடது காது கேட்காது, வலதுக்கு மெஷின் போட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை. உங்கள் புத்தகத்தில் என் ஒப்பத்துக்கு இடமில்லாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறேன்.

உம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அஸீஸா


நிந்தவூர்,
1980 மார்ச் 8

மகள் அஸீஸாவுக்கு,

நேற்று ஜும்ஆ முடிந்து வரும்போது காதியார் என்னைப் பள்ளிவாசல் படியில் நிறுத்தினார். கையில் உன் கடிதம்.

“விதானையார், புள்ள ஓம் எண்டு செல்லிச்சா?”

“செல்லல்ல. பேசாம இரிந்திச்சி.”

“நீங்க கேட்டது புள்ளைக்கு வெளங்கிச்சா?”

தெரியாது என்றேன். பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டு பொய் சொன்னேன் மகள். எனக்குத் தெரியும். கேட்கும்போதே தெரியும். திரைக்குப் பக்கத்தில் உன் எந்தக் காது இருந்தது என்று பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். ஹாஜியார் காத்திருந்தார், நல்ல இடம் தவறிப்போகும் என்று பயந்தேன்.

மசூரும் வந்தான். “மாமா, காதால எனக்கொண்டும் இல்ல. அவக்கு விருப்பமெண்டா எனக்கும் விருப்பம்” என்றான். நல்ல பிள்ளை. அதனால் இந்த முறை எழுத்தில் கேட்கிறேன். மசூரை நிக்காஹ் செய்ய உனக்குச் சம்மதமா? கீழே இடம் விட்டிருக்கிறேன், அதில் எழுதித் திருப்பி அனுப்பு. ஓம் என்றால் வீடு தயார். இல்லை என்றால் ஊர்முன் என் வாக்குப் போகும். அடுத்த போகத்துக்கு விவசாயிகள் என்னை வட்டவிதானையாகத் தெரிவுசெய்வார்களோ தெரியாது. அதையும் யோசித்து எழுது.

உம்மா சாப்பிடுகிறாள்.

வாப்பா


(அதே தாளின் கீழே)

இல்லை.

அஸீஸா பக்கீர் முகைதீன்
1980 மார்ச் 14

வாப்பா, நீங்கள் விட்ட இடம் பெரிது, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மசூருக்கு என் ஸலாம் சொல்லுங்கள். அவரைப் போல நீங்களும் என் விருப்பத்தை முதலே கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். வாக்குப் போகிறதென்றால் போகட்டும். என்னிடம் வாங்காத சம்மதத்தை நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள்? தெரிந்துகொண்டே கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் எழுதினீர்கள்.

பரீட்சை மே 12. முன்வரிசையில் என் இலக்கம் போட்ட கதிரை இருக்கிறது. முடிந்ததும் ஊருக்கு வருவேன், மெஷினோடு. படலை பூட்டியிருந்தால் தட்டுவேன். ஆசை தீர ஏசுங்கள், ஆனால் வலப்பக்கம் வந்து நின்று ஏசுங்கள். ஒரு சொல் விடாமல் கேட்டுத்தான் பதில் சொல்வேன்.