சொல்லிவிட்டு வருகிறவர்கள்

அக்கா,

இன்று காலை தலவாக்கலை பஸ்ஸுக்கு இறங்கும்போது பெயின்ட் வாசம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் புதுத் தகரத்தில் ஒரு கழிப்பறை முளைத்திருக்கிறது. யார் வருகிறார்கள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை, பல வெளிநாடுகள் சேர்ந்த அந்த ஒன்றியத்து ஆட்கள் வருகிறார்கள். இந்த முறையும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன தடவை நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். இவர்களுக்கு நம் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டீர்கள். உலக நாடுகள் கூடித் தொழிலாளருக்காக எழுதிய விதிகளில் நம் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அதன்படி நடந்தால்தான் இவர்கள் நம் பொருள்களுக்கு வரிச்சலுகை தருவார்கள் என்றேன். வழக்கம்போல ஓர் உதாரணமும் சொன்னேன்: ஒரு லயத்து வரிசை வீட்டு ஆட்கள் மட்டும் போனால் தோட்டத் துரை ஜன்னல் வழியாகப் பார்ப்பார், எல்லா லயமும் சேர்ந்து போனால் வாசலுக்கு வருவார்.

"வாசலுக்கு வந்து என்னாங்க டீச்சர், கீழ எறங்கணுமே" என்று சிரித்தீர்கள்.

வந்தவர்கள் கழிப்பறையைப் படம் எடுத்தார்கள். நீங்கள் கூடையோடு முன்னால் போய் நின்றீர்கள். "இது முந்தாநேத்து வந்திச்சு. நாளைக்குச் சொல்லாம வாங்க, இருக்கான்னு பாப்போம்." அப்படியே மொழிபெயர்த்தேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று வருத்தம் தெரிவித்தார்கள். மறுநாள் துரையின் ஆட்கள் தகரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சலுகை மட்டும் நிற்கவில்லை.

என் கோபம் துரை மேல் மட்டுமில்லை, அக்கா. வினாத்தாளை முதல் வாரமே கொடுத்துவிட்டு வகுப்பு முழுவதும் பரீட்சையில் சித்தியடைந்து தேறியது என்று நான் எழுதியிருந்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? தனியாக ஒரு நாடு கேட்டால் அசையாதது, இத்தனை நாடுகள் சேர்ந்து கேட்டால் அசைகிறது. பொய்க்காவது தகரம் வருகிறதே! அவ்வளவு பலத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேதி சொல்லிவிட்டு வருகிறார்கள். உலக விதிகளைத் தாங்கிப் பிடிப்பதே நாங்கள்தான் என்று மேடையில் பேசவும் செய்கிறார்கள். மலையில் நாளெல்லாம் அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்போடு கூடை சுமந்தது நீங்கள்.

இப்போது அதே மலையில் உங்கள் மகள். ஒதுங்க இடமில்லை என்பதால் காலையில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போகிறாள். ஊர் உலகமெல்லாம் குடிக்கக் கொழுந்து பறிப்பவள்!

வியாழக்கிழமை, அவர்கள் கேட்பதற்கு முன்பே இதை மொழிபெயர்ப்பாக இல்லாமல் என் பேச்சாகவே சொல்லப்போகிறேன். அவள் பெயரைச் சொன்னால் தோட்டத்தில் அவளுக்குச் சிக்கல் வரலாம். அதனால் நேற்று அவளிடமே கேட்டேன்.

"சொல்லுங்க டீச்சர். அம்மா பேரையும் சேத்துச் சொல்லுங்க."

இரண்டு பெயரையும் சொல்வேன், அக்கா.