உன் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வாங்கின சீர்

என் செல்லத் தங்கச்சி கமலாவுக்கு,

ஜெயிச்சுட்டோம்மா! முதல்ல அதைச் சொல்லிடுறேன். நீ தலைமை ஆசிரியையா இருந்த ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்தை மூட மாட்டாங்க. புதுக் கட்டடத்துக்கு அரசாங்கமே நிதி ஒதுக்கி உத்தரவு போட்டாச்சு. போட வெச்சது யாரு? ஆறாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் உட்கார்ந்த உன் அண்ணன்!

நீ எங்களை விட்டுப் போன ஆறாம் மாசம் கொள்ளிடம் கரை தாண்டி வந்துச்சு. தென்னைமர உயரத்துக்குத் தண்ணி. சரி, முறைக்காதே, என் இடுப்பு உயரம். அது வடிஞ்ச பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டாம் வகுப்புக் கூரை பெயர்ந்து பெஞ்சு மேல விழுந்துச்சு.

வெள்ளச் செலவே தலைக்கு மேல இருக்கு, இப்ப பள்ளிக்கூடத்துக்கு நிதி இல்லைன்னுட்டாங்க அதிகாரிங்க. பிள்ளைங்களை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல சேர்க்கப் போறாங்களாம். லாரி பறக்கிற ரோடும்மா. "அங்கேன்னா என் பொண்ணு படிப்பையே நிறுத்திடுவேன் மாமா"ன்னு பூக்கட்டுற செல்வி அழுதா. கரையைக் கட்டணும், ஒத்துக்கிறேன். ஆனா கஷ்டம் வந்தா வீட்டுல யாராவது பிள்ளை சோத்துல கை வைப்பாங்களா?

வருஷா வருஷம் ஊரே தாம்பாளம் தூக்கி, மேளத்தோட உன் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச்சீர் கொண்டு வருவோமே, ஞாபகம் இருக்கா? "இந்தத் தடவை நாம கேட்போம். அரசாங்கம்தான் தாய்மாமன், காலித் தட்டை நீட்டுவோம்"னேன். பாத்திரம் வாடகைக்கு விடுற காதர் பாய் தாம்பாளங்களைச் சும்மாவே கொடுத்தார்.

செல்விதான் சண்டைக்கு வந்தா. "சீர்த் தட்டைக் காலியாத் தூக்குறதா? விளங்குமா மாமா?"

"அப்ப என்னத்தை வைக்கிறது?"

"விழுந்ததை வைங்க!"

என் மனசுலயும் அதுதான் இருந்துச்சு. அவ முந்திக்கிட்டா.

திங்கக்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸுக்கு ஆயிரம் பேர் போனோம். எண்ணினா நாப்பத்தொண்ணு. மேளத்தை வாசல்லயே நிறுத்திட்டாங்க. பட்டுத்துணி மூடின தட்டுகளைப் பார்த்ததும் அங்கிருந்த அதிகாரி அம்மாவுக்குக் கோபம். "ஆபீஸுக்குப் பரிசெல்லாம் கொண்டு வரக் கூடாது. எடுத்துட்டுப் போங்க!"

"உங்க சொத்துதாங்கம்மா"ன்னு செல்வி துணியை விலக்கினா. பெயர்ந்த காரை, துருப்பிடிச்ச கம்பி, சேறு ஊறின பாடப்புத்தகம். அந்த அம்மா ஒரு காரைத் துண்டை எடுத்தாங்க. விரல்லயே பொடியாச்சு.

"எங்கே விழுந்துச்சு?"

"ரெண்டாம் வகுப்புலங்க. ஞாயித்துக்கிழமை."

"மறுநாள் விழுந்திருந்தா?"



அப்புறம் நான் ஒரு மணி நேரம் முழங்கினேன்னு ஊருக்குள்ள சொல்லி வெச்சிருக்கேன். உன்கிட்டே அது நிக்காது. உன் டிரங்குப் பெட்டியில இருந்த மனு நகல்களைத்தான் நீட்டினேன். கூரை ஒழுகுதுன்னு வருஷத்துக்கு ஒண்ணு, உன்னோட அந்த முத்து முத்தான கையெழுத்துல. அந்த அம்மா நின்னுக்கிட்டே எல்லாத்தையும் படிச்சாங்க.

"இவங்க வரலையா?"ன்னு கேட்டாங்க.

"அவங்களுக்காகத்தான் நாங்க வந்திருக்கோம்"னா செல்வி.

போன வாரம் உத்தரவு வந்துச்சு. நாங்க போட்ட வெடி திருவெறும்பூர் வரைக்கும் கேட்டுச்சாம்! இப்போதைக்குக் கல்யாண மண்டபத்துல வகுப்பு நடக்குது. செல்வி பொண்ணு மணமேடையில உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லுது.

கட்டடம் திறக்கிற அன்னைக்கு அதே தாம்பாளங்களை நிரப்பிக் கொண்டு வருவேன். முதல் தட்டுல உன் பேருக்குச் சாக்பீஸ் பெட்டி. நடுவுல வேலை ஒரு நாள் நின்னாலும், அடுத்த திங்கக்கிழமை மனு வரிசையில முதல் ஆள் நான்தான். செல்வி எனக்கு முன்னாடியே வந்து நிப்பா. அதை மட்டும் நீ கண்டுக்காதே.

பெருமை தாங்காம,
ஊருக்கெல்லாம் மாமா,
உனக்கு மட்டும் அண்ணன்,
ரெங்கராஜு