எல்சி பேருக்குப் போன தந்தி

சேசு மரி சூசை

ராயபுரம்,
20-11-1968

என் கண்ணான மகள் எல்சிக்கு நைனா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை பிலோமியும் சோறு தின்றுகொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த ராஞ்சிக் குளிரில் உன் உடம்பை ஆண்டவர் காப்பாற்ற வேண்டும். எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது உன் அம்மா வழக்கம், அவள் போன பிறகு அந்த வரி எனக்கு எழுத வரவில்லை. நம் வீட்டில் கடிதம் எழுதுகிறவள் அவள்தான், என் எழுத்து துறைமுகத்தில் மூட்டை மேல் குறி போடுகிற எழுத்து, பொறுத்துப் படி.

உன் கடிதம் வந்தது. பிலோமி படிக்க ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டாள், மிச்சத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோவிலில் வாய் மட்டும் அசைகிறது, பரமண்டல மந்திரத்தில் எங்கள் பிதாவே என்று வரும் இடத்தில் அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது, பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாதவர் என்ன அப்பா என்று கேட்டிருக்கிறாய். சாகும்வரை மடத்துக் கன்னியாகவே இருப்பேன் என்று கிறிஸ்துமஸ் முடிந்து கொடுக்க வேண்டிய நித்திய வார்த்தைப்பாட்டையும் கொடுக்க மாட்டேன் என்கிறாய். ஏன் முன்னாலேயே சொல்லி அனுப்பவில்லை என்று நீ எங்களைக் கேட்கவில்லை, ஆனால் உன் மனதில் அது இருக்கும், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தந்தி கொடுத்தோம். என்னால் அவள் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை, எதிர்வீட்டு சோடாக்கடை தமீம்தான் தபால் ஆபீசுக்கு ஓடினார். விலாசத்தை பிலோமி சொன்னாள், பேரை அவரே போட்டார். உன்னைத் தூக்கி வளர்த்தவருக்குத் தெரிந்த பேர் எல்சி. மடத்தில் சேர்ந்தால் வேறு பேர் வைப்பார்கள், அங்கே நீ சிஸ்டர் பிரகாசியா என்று அவருக்கு யார் சொன்னார்கள். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று உன் மடத்து வாசலில் யாரோ சொல்ல, தந்தி போய்ச் சேரவில்லை. அந்தச் சேதி தமீமுக்கு வந்தபோது அம்மாவை அடக்கம் செய்தாகிவிட்டது, உன் பங்குக்கும் நானே ஒரு பிடி மண் போட்டேன். அதன்பிறகு பிலோமி எழுதிய கடிதம்தான் உன் கைக்கு வந்தது. அந்த மனிதர் நம் வாசலில் நின்று, அண்ணாத்தே, எல்சின்னுதானே கூப்டுகினு இருந்தோம், அங்க வேற பேரு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும் என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

இதை எழுதாதே என்றாள் பிலோமி, என்னால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலும் கன்னியர்தான் நர்சு வேலை பார்க்கிறார்கள். வெள்ளை உடுப்பு தெரிந்தாலே அம்மா தலையைத் தூக்குவாள், எல்சி வந்துட்டாளாய்யா என்பாள். இல்லை ஞானம், இல்லை ஞானம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் செத்துப்போயிற்று. கடைசி நாள் அவளுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. மருந்து கொடுக்க வந்த ஒரு மலையாளத்து சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்சியா என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து, ஆமாம் அம்மா, எல்சிதான் என்றாள். அம்மா அந்தக் கையை விடவே இல்லை. இன்னா கண்ணு, இப்டி இளச்சுப் பூட்டே என்று கேட்டாள், அதுதான் அவள் பேசின கடைசிப் பேச்சு.

என் அப்பா முகம் எனக்குத் தெரியாது, அதனால் சின்ன வயதிலிருந்தே ஆண்டவரைத்தான் நைனா என்று கூப்பிட்டுப் பழகினேன். சாமியாண்ட இன்னாய்யா பேட்டைப் பேச்சு என்று உன் அம்மா கேலி செய்வாள். அடக்கம் முடிந்து வந்து, வீட்டில் ஆண்டவர் படத்துக்கு முன்னால் நின்று அந்த நைனாவை நான் திட்டாத திட்டு இல்லை. தந்திக்காரனுக்குத் தெரியாது, மடத்து வாசலுக்குத் தெரியாது, எல்சி யாரென்று உனக்குமா தெரியாமல் போச்சு என்று கத்தினேன், பிலோமி பயந்து கதவைச் சாத்தினாள். அவர் பதில் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை. மறுநாளும் போய் நின்றேன், வேறு யாரிடம் போய்க் கத்துவேன், அந்நியரிடமா. அந்த மலையாளத்துப் பெண் ஞாபகம் வரும்போது மட்டும் கத்துவது நின்று அழுகை வந்துவிடுகிறது. எனக்கு இப்போது தெரிந்த ஜெபம் இவ்வளவுதான். பிதாவே என்று வராவிட்டால் விடு, நைனா என்று கூப்பிட்டு அவரிடம் சண்டை போடு, சின்னதில் என்னிடம் போடுவாயே, அப்படி. வார்த்தைப்பாடு கொடுப்பதும் வீட்டுக்கு வருவதும் உன் இஷ்டம், வந்தால் உன் தட்டு இங்கே இருக்கிறது. ஆனால் அவரோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. தமீமுக்கு இரண்டு வரி எழுதிப் போடு, எல்சி என்றே கையெழுத்துப் போடு, மறந்துவிடாதே. ஆண்டவரும் தேவமாதாவும் உன்னை நெஞ்சோடு அணைத்துக் காக்கட்டும். உறை மேல் சிஸ்டர் பிரகாசியா என்று பிலோமி ஒழுங்காக எழுதுவாள். நான் மட்டும் ஆண்டவரிடம் உன்னைப் பற்றிப் பேசும்போது எல்சி என்றுதான் சொல்கிறேன். அவர் என்றைக்காவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், யாரும் இல்லை என்று சொல்லிவிடாதே கண்ணு, ஆமாம் நைனா, எல்சிதான் என்று சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் நைனா
சவரிநாதன்