அழுத்து, பிடி, விடு

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பாதி வழியில் திரும்பிவிட்டோம். ஷேர் டாக்சி குன்றின் மேல் இருக்கிற எங்கள் சந்து வரை வராது. அது நிற்கிற தெருமுனை வரை படிகளில்தான் இறங்க வேண்டும். எராஸ்மோவின் இடது கை கம்பியில், வலது பக்கம் முழுக்க என் தோளில். ஈரப் படி. நடுவில் நின்று, "வீட்டுக்குப் போலாம்" என்றான். பிசியோதெரபி மறுபடியும் போச்சு. அங்கே வேலை செய்கிற பெண் போனில், இப்படி விட்டு விட்டு வந்தால் கால் இப்படியே நின்றுவிடும் என்றாள். எனக்குத் தெரியாதா?

கார் வாசலிலேயே நிற்கிறது. மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து யாரும் எடுக்கவில்லை. கடல் காற்றில் முன் பிரேக் இரண்டும் இறுகிப்போய்விட்டன, சக்கரம் அசையவே இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். என் வண்டியில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்றான். முப்பது வருஷமாக இதே பேச்சு.

ஆனால் எவ்வளவு தெளிவாகச் சொன்னான்! சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் 'ஜன்னல்' என்பான், என்னையே சில சமயம் மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு சொல் தடுமாறவில்லை. அதைக் கேட்டுத்தான் சரி என்றேன். அவன் சொல்வான், நான் செய்வேன்.

ஜூன் 7, சனி

நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். சந்தில் சமையலறை நாற்காலியைப் போட்டு, கம்பளியைச் சுற்றி அவனை உட்கார வைத்தேன். ஜாக்கி எங்கே வைக்க வேண்டும், எந்த ஸ்பானர், எந்தப் பக்கம் திருகணும், எல்லாம் சொன்னான். சக்கரத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற காலிப்பர் இரண்டும் புதிது. பெட்டியிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, "இது இடது, அது வலது" என்றான். மாட்டினேன். பிரேக் பேடும் புதிதாகப் போட்டேன்.

விரல் முட்டியெல்லாம் தோல் போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன், அதை எழுதாமல் இருக்க முடியாது. சக்கரம் தடையில்லாமல் சுற்றியபோது அவன் சிரித்தான். பாதி வாயால்தான்.

பிறகு ஏறி பிரேக் பெடலை மிதித்தேன். நேரே தரை வரை போயிற்று. "பிரேக் ஆயில்ல காத்து நுழைஞ்சிருக்கும். நாளைக்கு எடுத்துடலாம்" என்றான்.

ஜூன் 8, ஞாயிறு

காற்று எடுக்கும் விதம் இதுதான். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நல்ல காலால் பெடலை அழுத்துவான். நான் சக்கரத்தருகே படுத்து, காலிப்பரில் இருக்கிற நிப்பிளை, அந்தச் சின்னத் திருகு மூக்கை, திறப்பேன். காற்றும் பிரேக் ஆயிலும் குழாய் வழியாக வரும். மூடுவேன். அதன்பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். நான் "அழுத்து, பிடி, விடு" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். காலையெல்லாம் கத்தினேன். ஆயில் சுத்தமாக வந்தது. ஒரு குமிழ் இல்லை.

பெடல் அதே பஞ்சு. தொடர்ந்து மிதித்தால் மேலே வருகிறது, கொஞ்சம் விட்டு மிதித்தால் மறுபடி அமுங்குகிறது.

ஜூன் 11, புதன்

மறுபடி காற்று எடுத்தோம். மறுபடி பஞ்சு.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மூன்றாம் முறை. ஈரத் தரையில் முதுகு விறைத்துப்போய்க் கிடந்தேன். குழாயில் வெறும் ஆயில். எங்கிருந்துதான் காற்று? அப்போதுதான் தோன்றியது - இவன் காலை முன்னாலேயே எடுக்கிறான். நான் 'பிடி' என்றால் அவன் மூளைக்கு 'விடு' என்று கேட்கிறதோ என்னமோ. எழுந்து போய்க் கதவருகே நின்று கத்தினேன். "பிடின்னா பிடிக்கணும். அதுகூடவா தெரியல உனக்கு? ஒரு காலை வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கறதுக்குக்கூட ஆள் வேணுமா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். சொல் கிடைக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. நான் காத்திருக்கவில்லை, "போதும், இறங்கு" என்றேன்.

தானாகவே இறங்கி, கதவைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனான். சாப்பிடவில்லை. ரொட்டியை டீயில் நனைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

பேசவில்லை. சாயங்காலம் அவன் அண்ணன் எவரிஸ்தோ வந்தார். கேட்காமலேயே காரில் ஏறி பெடலை மிதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், இது போனால் அது, அது போனால் இன்னொன்று, வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நீளமாகச் சொன்னார். கடைசியில் எராஸ்மோவுக்குக் கேட்கும்படி, "வித்துடு நேலிதா. ஓட்டறவனும் இல்ல, ரிப்பேர் பண்றவனும் இல்ல. யாருக்கு இந்த வண்டி?" என்றார்.

எராஸ்மோ தலை நிமிரவில்லை. அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். ஊற்றியதற்கு என் மேலேயே எனக்குக் கோபம்.

ஜூன் 18, புதன்

அவன் கால் இல்லாமலேயே செய்து பார்த்தேன். நிப்பிளில் குழாயை மாட்டி, மறு முனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வைத்து, நானே பெடலை மிதித்தேன். இப்படிச் செய்தால் காலை எடுத்தாலும் ஆயில்தான் திரும்பப் போகும், காற்று போகாது.

அதே பஞ்சு.

அப்படியென்றால் அவன் கால் காரணம் இல்லையே. இதை அவனிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

பின் சக்கர பிரேக் ஷூக்களை இழுத்து டைட் பண்ணினேன். பெடல் கொஞ்சம் மேலே வந்தது போல இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இது போதும், மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று, சந்தின் மேல்பகுதியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் இருக்கிற மட்டமான இடத்தில் நகர்த்திப் பார்த்தேன். நடக்கிற வேகம்தான். பெடலை மிதித்தேன், இறங்கிக்கொண்டே போனது. கார் போய்க்கொண்டே இருந்தது. அந்த மட்டம் முடிகிற இடத்தில் தெரு அப்படியே கடலைப் பார்த்துச் சாய்கிறது. கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பக்கத்து வீட்டுப் பூத்தொட்டியில் இடித்து நின்றது.

இதில்தான் எராஸ்மோவை உட்கார வைத்துக் கீழே கொண்டுபோகப் பார்த்தேனா நான்? எவரிஸ்தோ சொன்னதுதான் சரியோ?

ஜூன் 21, சனி

சந்தையில் எங்கள் காரைப் போலவே ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. அதே வருஷத்து வண்டியாகத்தான் இருக்கும். பின்னால் திறந்து வைத்து ஒரு அம்மாள் உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். முன் சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பி இருந்தது. எனக்கு இப்போது எந்த வண்டியைப் பார்த்தாலும் கண் சக்கரத்துக்குத்தான் போகிறது. பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. தரையிலேயே படுத்துவிட்டேன்.

நிப்பிள் மேலே இருந்தது. காலிப்பரின் உச்சியில்.

எங்களுடையதில் கீழே இருக்கிறது. மூன்று முறை அதன் கீழே படுத்துக் கிடந்திருக்கிறேன், எப்படித் தெரியாமல் போகும்? காற்று மேலேதான் போய் உட்காரும். நான் கீழே ஓட்டை திறந்து ஆயிலை மட்டும் வடித்துக்கொண்டிருந்தேன். காற்று மேலே பத்திரமாக இருந்திருக்கிறது.

"என்ன சென்யோரா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள் உருளைக்கிழங்குக்காரி.

"உங்க பிரேக்கைப் பார்க்கறேன்."

"என் பிரேக்குக்கு என்ன?"

"உங்களது நல்லா இருக்கு. எங்களோடதுதான் தலைகீழா இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடமே இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேலே ஏறி வரும்போதுதான் உறைத்தது, பக்கம் மாற்றி மாட்டினால்தான் நிப்பிள் கீழே போகும். இடது பக்கத்தது வலதிலும், வலது பக்கத்தது இடதிலும் மாட்டியிருக்கிறது. 'இது இடது, அது வலது' என்று சொன்னவன் அவன். கார் விஷயத்திலாவது சொற்கள் தவறவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

சொல்வதா? அவனுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நாளை மதியம் அவன் தூங்கும்போது மாற்றி மாட்டிவிடுகிறேன். ஒரு போல்ட் லூசாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 22, ஞாயிறு

ஜாக்கி சத்தத்தில் எழுந்துவிட்டான். கைத்தடியை ஊன்றி வெளியே வந்தான். நான் காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன்.

"ஏன் கழட்டற?" ஒரு வாரத்தில் அவன் என்னிடம் பேசியது இதுதான்.

போல்ட் பொய் வாய்வரை வந்தது. சொல்வதற்குள் அதை என் கையிலிருந்து வாங்கிவிட்டான். திருப்பினான். நிப்பிளைக் கட்டைவிரலால் தடவினான். ஒரு சக்கரத்தைப் பார்த்தான், இன்னொன்றைப் பார்த்தான். எனக்குப் பயம். மார்ச்சுக்குப் பிறகு சின்ன விஷயத்துக்கும் அழுகிறான்.

"நான் சொன்னேனா?"

"ஆமா."

"நான் சொன்னா? உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "நீ சொன்னதை நம்பினேன், அது தப்புத்தான்" என்றேன். எப்போதும் நான் செய்வது அரைகுறை என்றான். அப்படியானால் நீயே படுத்துச் செய் என்றேன். சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் தடியால் தரையைத் தட்டினான். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பழைய எராஸ்மோவோடு போடுகிற சண்டைதான் இது, நல்ல சண்டை. இதற்கு நடுவே எனக்கு ஒரு நிம்மதி, இதை யாரிடம் சொல்வேன்?

பிறகு குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான். "நான் பிடிச்சேன், நேலிதா. அன்னிக்கு. நீ விடுன்னு சொல்றவரைக்கும் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

தெரியும் என்று சொல்ல வந்தேன். அன்றைக்குத் தெரியாதே. "மன்னிச்சுடு. பாட்டிலை வெச்சுப் பார்த்தப்பவே தெரிஞ்சது. வந்து சொல்லியிருக்கணும்" என்றேன்.

தடியால் கருவிப் பெட்டியைக் காட்டினான். "ஸ்பானரை எடு."

இந்த முறை இடது, வலது என்று வாயால் சொல்லவில்லை. காலிப்பரை என் கையில் கொடுத்து, எந்தச் சக்கரமோ அதைத் தடியால் தொட்டுக் காட்டினான். மாட்டியதும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு அவன் ஏறி உட்கார்ந்தான். அழுத்து. பிடி. திறந்ததும் புஸ்ஸென்று சீறி, குழாய் முழுக்க நுரை. இத்தனை காற்றா! வந்துகொண்டே இருந்தது. மெதுவாகக் குறைந்து, கடைசியில் வெறும் ஆயில்.

உள்ளிருந்து அவன் குரல்: "கல்லு மாதிரி நிக்குது."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

தொட்டி பக்கம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப மிதித்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன் பூத்தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் முறையாகக் காரில் பிசியோதெரபிக்குப் போனோம். மழை. இறக்கம் முழுக்க எராஸ்மோ என்னைத் திட்டினான். கியரை இறக்கு, பிரேக்கிலேயே காலை வைத்துத் தேய்க்காதே, பஸ்ஸை ஒட்டிப் போகாதே. ஓரிடத்தில் பஸ்ஸை 'அலமாரி' என்றான். எனக்குப் புரிந்தது, மிதித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

எவரிஸ்தோ வந்தார். கார் வாங்க ஒரு ஆள் பார்த்திருக்கிறாராம். எராஸ்மோ பதில் சொல்லாமல் காரைக் கையால் காட்டினான். அவர் போய் பெடலை மிதித்தார், மறுபடி மிதித்தார். எந்த மெக்கானிக் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "நாங்க ரெண்டு பேரும்தான்" என்றோம்.

ஜூலை 17, வியாழன்

இனி எராஸ்மோ வண்டி ஓட்டவே கூடாது என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற வழியில் கியரைப் பற்றிக்கூட அவன் என்னைத் திட்டவில்லை.

இன்று காலையில் பிசியோதெரபிக்குக் கிளம்பும் நேரம் ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்து வைத்து, ஓட்டுநர் இருக்கையை முன்பின் நகர்த்துகிற கம்பியோடு இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த இருக்கை அவன் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தது. நான் நுனியில் உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அசைய மாட்டேன் என்றது. உதவப் போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை. முட்டியால் ஒரு தள்ளு தள்ளினான், இருக்கை முன்னால் வந்தது.

கதவை மூடினான். காரைப் பிடித்தபடியே சுற்றி வந்து, மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, கையை எட்டி எனக்காக ஹார்ன் அடித்தான்.